தடைக்காலத்துக்கு முந்திய கொள்முதல்

மதுரையிலிருந்து கிருபாகரன் போன் செய்கிறார்.
லாவண்டர் எண்ணெய் புதுச்சரக்கு, டெல்சி மேடம்,
ஸ்பாக்களில் இப்போது இதுதான் ஓட்டம்.
நான் தங்கச்சிமடத்தில் இருக்கிறேன் என்கிறேன்.
ஐஸ் கம்பெனிக்குப் பின்னால்
பத்துக்குப் பன்னிரண்டு அறை.
கட்டி உடைக்கும் சத்தம் நின்றால்தான்
முதுகு சொடக்குவது காதில் விழும்.

போர்டில் மசாஜ் என்று எழுத
வீட்டுக்காரர் ஒப்பவில்லை.
தசைப்பிடிப்பு நீக்கும் நிலையம் என்று எழுதினோம்.
அப்படியும் ராத்திரியில் லாட்ஜிலிருந்து கூப்பிடுவார்கள்:
லேடீஸ் இருக்காங்களா?
நான்தான் லேடீஸ், சுளுக்கு எங்கே என்பேன்.
பெரும்பாலும் அவர்களுக்குச் சுளுக்கு இருப்பதில்லை.

எண்ணெயைத் தோலைக் கேட்டா வாங்குகிறேன்,
தண்ணீரைக் கேட்டல்லவா.
எங்கள் கிணற்றில் சோப்பு நுரைக்காது,
நல்ல தண்ணீர் குடம் பதினைந்து ரூபாய்.
நல்லெண்ணெய் உடம்புக்கு உறவு, துண்டுக்குப் பகை.
நாலு துவைப்பில் காறல் வாடை ஏறிவிடும்,
அந்த வாடையில் ஒருமுறை குப்புறப் படுத்தவர்
மறுமாதம் பாம்பனில் வேறு ஆளைப் பார்ப்பார்.
வாசனை இல்லாதது, சீக்கிரம் விட்டுப்போவது,
ஐந்து லிட்டர் கேன்
வேண்டாம், இரண்டு இரண்டாகப் போடுங்கள்,
திறந்த கேன் இந்த வெக்கைக்குத் தாங்காது.

துண்டு காப்பிப்பொடி நிறத்தில்.
வெள்ளைதானே சுத்தத்தைக் காட்டும் என்கிறார்.
முதல் வருஷம் வெள்ளை ஒரு டஜன் வாங்கினேன்.
சின்னப்பாலத்துப் பெண்கள்
பாசி எடுத்த கையோடு வருவார்கள்.
விரலில் சுற்றிய துணியை அவிழ்த்தால்
பாறை கிழித்தது கிழித்தபடி இருக்கும்.
அந்த இடத்தை விட்டுச் சுற்றிலும்தான் பிடிப்பேன்,
ஆனாலும் துண்டில் ஒரு பொட்டு.
ஐயோ கறை பட்டிருச்சே தாயி,
நானே அலசிக் கொண்டாந்திர்றேன் என்று
பாதியில் எழுந்து போனாள் ஒருத்தி.

இரும்புக் கட்டில் போன மழையோடு சரி.
கீல் உப்பில் பொரிந்து
ஒரு ரயில்வே கேங்மேனோடு சேர்ந்து இறங்கியது.
இறங்கியது என்றுதான் சொல்லவேண்டும்,
விழுந்தது என்றால் அவர் செலவு கேட்பார்.
மண்டபத்து ஆசாரி வேம்பில் அடித்துக் கொடுத்தார்,
தலைமாட்டில் முகம் வைக்க வட்டமாக வெட்டி,
ரெக்சின் தைத்து.

இருளாயி அதில் முகம் வைத்தாள்.
தோளில் கை வைத்தேன். விலா அசையவில்லை.
எண்ணத் தொடங்கினேன், ஏன் என்று தெரியாமலே.
முப்பத்தெட்டில் குனிந்து பார்த்தேன்.
கண் திறந்திருந்தது,
சிமெண்டுத் தரையை மூலைமூலையாகத் துழாவிக்கொண்டு.
மூச்சு விடுங்கக்கா.
ஆமால்ல என்றாள். முகம் கீழ போனாலே
தன்னால அடைச்சுக்கிருது.

கண்ணை மூடச் சொன்னேன். நாற்பதுக்குப் போனது.
கிருபாகரனிடம் கேட்டேன்.
வட்டத்துக்கு நேர் கீழே
பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிடுங்கள் மேடம்,
பெரிய இடங்களில் அப்படித்தான் என்றார்.
தண்ணீராம்!

ஒருக்களித்துப் படுக்க வைத்தேன்.
முட்டிகளுக்கு நடுவே ஒரு தலையணை,
அணைத்துக்கொள்ள ஒன்று.
ஐஸ் லாரி ரிவர்ஸ் எடுக்கும் கூச்சலுக்குள்
அவள் மூச்சு
முதலில் திக்கியது, பிறகு நீண்டது.
தோள் காதிலிருந்து இரண்டு விரல்கடை இறங்கியது.
நாலு மணி வரை தூங்கினாள்.
எழுப்பவில்லை, அடுத்து வந்த போட் டிரைவர்
வெளியே பீடி குடித்துத் தீர்த்தார்.

ஆகவே தலையணை நாலு, உறையோடு.
கோடு போட்ட நோட்டு ஒன்று, இருநூறு பக்கம்.
ஏப்ரல் பாதியில் விசைப்படகு நின்றுவிடும்,
அறுபத்தொரு நாள் வேலையே இல்லாமல்
முதுகு வலிக்கிறது என்று வருவார்கள்,
கணக்கில் எழுதிக்க டெல்சி என்பார்கள்.
எழுதுவேன். நோட்டும் சரக்குதான்.

முக வட்டத்துக்கு உறை வேண்டாமா மேடம்?
வேண்டாம்.
இருங்கள், ஆறு போடுங்கள்.
தீர்த்தமாட வருகிறவர்கள்
அதில்தான் சுகமாகப் படுக்கிறார்கள்,
ஒரு முழுக்கு, உடனே மேலே வந்து மூச்சு,
அவ்வளவுதானே அவர்களுக்குத் தண்ணீர்.